பங்களாவில் அம்மா

"பங்களாவுலயா? நீங்களா? அம்மா, பொய் சொல்லாதீங்க."

குவைத்திலிருந்து மகள் விஜயகலா சிரித்த சிரிப்பு காதைக் கிழித்தது. கருப்பாயி கைபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் மகளை அங்கே எஜமானி பேச விடுவாள். வழக்கமாக கருப்பாயிதான் கொடகவெல டவுனில் ஸஹாப்தீன் முதலாளியின் கடைக்குப் போய்க் காத்திருப்பாள். இன்று முதலாளியே போனோடு தேயிலைத் தோட்டத்துக்கு ஏறி வந்துவிட்டார். வந்தவர், "அம்மா பங்களாவுல இருக்காங்க, குடுக்குறேன்" என்று உளறியும் விட்டார்.

போன தடவை, "நான் வந்துடுறேம்மா" என்று அழுதவள் கலா. அவளுடைய பாஸ்போர்ட் எஜமானியின் அலமாரியில் இருக்கிறது. அழுதாலும் வர வழியில்லாத பிள்ளையை இன்று சிரிக்க வைத்தே போனை வைக்க வேண்டும். கருப்பாயிக்கு வேறு எண்ணமில்லை.

"நெசந்தான்டி. தொரை கொழும்புக்குப் போயிட்டாரு. கொஞ்ச நாளைக்கு எங்கள இருக்கச் சொல்லிட்டாங்க."

"எந்த ரூமு?"

"பெரிய ஹோலு. கண்ணாடி ஜன்னல் பக்கம்."

"அடேயப்பா. குரோட்டன் வேலிக்குள்ள மூஞ்சிய விட்டுப் பாப்பேனே, அந்த ஜன்னலா?"

அதேதான். கருப்பாயிக்கு நெஞ்சு இளகிப் போயிற்று. ஆறு வயதில் கலா அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு, பங்களான்னா என்னம்மா என்று உயிரை வாங்குவாள். தொரை இருக்கிற எடம், வாய மூடு என்று இழுத்துக்கொண்டு வருவாள் இவள். எவ்வளவு நல்ல நாட்கள் அவை.

"அம்மா, அன்னைக்குக் கேட்டதுக்கு இப்பதான் பதில் கெடைச்சிருக்கு. இங்க டிரைவர் வங்காளதேசத்து ஆளு. பங்களாங்கிற பேரே அவங்க ஊர்ல இருந்து வந்ததாம். அங்க ஏழைங்க மூங்கில் நட்டு, வைக்கோல் வேஞ்சு கட்டுற சின்ன வீடாம். வெள்ளைக்காரன் அதைப் பாத்துட்டு, தனக்குப் பெருசா கட்டிக்கிட்டு, பேரையும் எடுத்துக்கிட்டானாம்."

"அடப்பாவி. அப்ப லயத்துல நம்ம ஒத்தை ரூமு காம்பராதான்டி பங்களா."

"நானும் அதத்தான் சொன்னேன்."

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு கலா ஒவ்வொன்றாகக் கேட்டாள். வாசல் இஸ்தோப்பில் அப்பா போட்ட பலகை, பக்கத்துக் காம்பராவில் கறி தாளித்தால் தங்கள் காம்பராவில் வருகிற தும்மல், தகரத்தில் மழை விழுகிற சத்தம். கருப்பாயியும் ஆசையாகப் பதில் சொன்னாள்.

"பங்களாவுல தகரச் சத்தம் கேக்காதே. ஒங்களுக்குத் தூக்கம் வருதா?"

"வரலடி."

"அங்க பயங்கர மழைன்னாங்களே?"

"எப்பயும் பேயிற மழைதான்."

"சரி, அப்பாகிட்ட குடுங்க."

ஸஹாப்தீன் முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவரு லயத்துலதான் இருக்காரு. பங்களாவுக்கு வர மாட்டேன்னுட்டாரு."

கலா விழுந்து விழுந்து சிரித்தாள். "அதானே, அப்பாவாவது காம்பராவ விட்டு வர்றதாவது. அவர ஒண்ணும் சொல்லாதீங்கம்மா, நிம்மதியா இருக்கட்டும்."

எஜமானியின் குரல் கேட்டது. போன் அறுந்தது. மகள் சிரித்துக்கொண்டேதான் வைத்தாள்.

அப்பாவைப் பற்றி கருப்பாயி சொன்னதில் பொய் இல்லை. மலை வெடிச்சிருக்கு, எல்லாரும் பங்களாவுக்கு வாங்க என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கூப்பிட்டபோது, "முப்பது வருசம் வாசல்ல நிக்க வச்ச வீட்டுக்குள்ள, மழைக்குப் பயந்து போகவா?" என்று முத்துவீரன் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஹோல் முழுக்கப் பாய் விரித்துக் கிடந்த நாற்பது குடும்பங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருக்க, கருப்பாயி கண்ணாடி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள்: லயம் இருந்த இடத்தில், செம்மண் மேட்டை நாலாவது நாளாக வெட்டிக்கொண்டிருந்த ராணுவத்துப் பையன்களுக்கு முத்துவீரன் இன்னும் கிடைக்கவில்லை.