தடித்த எழுத்தில் ஒரு கடிதம்

சண்டை வந்தால் நானும் பிரமிளாவும் பேசிக்கொள்ள மாட்டோம். ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து மின்னஞ்சல் எழுதுவோம். அவள் கடைசியாக அனுப்பியதை நான் கோபத்தில் திறக்கவில்லை. அன்று மத்தியானமே அவள் இறந்துபோனாள். படிக்காத கடிதங்களை என் மென்பொருள் தடித்த எழுத்தில் காட்டும். ‘இன்னொன்று’ என்ற அந்தத் தலைப்பு இரண்டு வருடங்களாகத் தடித்தே இருந்தது. படித்துவிட்டால் அவள் சொல்ல எதுவும் மீதி இருக்காது என்று விட்டுவைத்தேன்.

சென்ற வாரம், கடிதங்கள் சேமித்திருந்த கோப்பு பழுதாகிவிட்டது. வேறு பிரதி இல்லை. அவள் தம்பி சிபி வந்து பாதி நாள் போராடினான்.

“தலைப்பெல்லாம் வந்துடுச்சு அத்தான். உள்ளதான் ஒண்ணுமே இல்ல.”

“கடைசி மெயில்?”

“அதுவும் காலி. அக்கா என்ன எழுதியிருந்துச்சு?”

“தெரியாது. திறக்கல.”

“ரெண்டு வருஷமா அடைகாத்தீங்களா?” என்றான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவன் போன பிறகு பார்த்தேன். பழுது நீக்கியதில் அவளுடைய நானூற்றுப் பதினெட்டுக் கடிதங்களும் தடித்திருந்தன, நான் எதையுமே படிக்காதவன் போல. ‘இன்னொன்று’ கடிதத்தைத் திறந்து, பதில் பொத்தானை அழுத்தினேன். வழக்கம்போல் ‘பிரமிளா எழுதியது:’ என்று வந்தது. அதற்குக் கீழே வெள்ளை.

மேலே ‘சரி, சொல்லு’ என்று எழுதினேன். அதை அனுப்பவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை.