கட்டிப்போட்ட டாட்

பனி ஈரம் காயாத இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து மலைச்சரிவில், நரிவளையின் வாயருகே ஹெட்லி குப்புறப் படுத்து மண்ணில் காதை வைத்திருக்கிறார். கவுதாரிக் குஞ்சுகளைத் தின்னும் நரியைக் கிளப்ப உள்ளே போன அவருடைய டெரியர் நாய் பெஸ், இத்தனை நேரமும் குரைத்துக்கொண்டிருந்தது. இப்போது சத்தமே இல்லை. வேலிக்கம்பத்தில் கட்டியிருக்கும் அதன் மகள் டாட், கயிறு கழுத்தை இறுக்க, வளையைப் பார்த்து எம்பி எம்பி அழுகிறது. நரி வெளியே வந்ததும் சுடத் துப்பாக்கியோடு நிற்கும் மைத்துனர் கிளைவுக்குப் பொறுக்கவில்லை.

"மச்சான், குட்டியையும் அவுத்து விடேன். இங்க யாரு பாக்கப் போறா?"

"ஒரு நேரத்துல ஒரு நாய்தான் உள்ள போகலாம், அதான் சட்டம். ரெண்டையும் உள்ள பறிகொடுத்துட்டு நான் வெறுங்கையோட வீட்டுக்குப் போகவா? வாய மூடு, கேக்க விடு."

காற்று புல்லைச் சாய்க்கிறது. டாட் சட்டென்று அழுகையை நிறுத்துகிறது, காதுகள் நிமிர்கின்றன. வளையிலிருந்து செம்பழுப்பாய் நரி பாய்ந்து, கிளைவின் காலை உரசிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடுகிறது. அதன் பின்னால் பெஸ் வரவில்லை. துப்பாக்கி தரையைப் பார்த்தபடியே இருக்கிறது. ஹெட்லி தலையைத் திருப்பவில்லை. டாட்கூட நரியைப் பார்க்கவில்லை. மூவரும் அந்த இருட்டுத் துளையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.