விரிசல் விழுந்த கைப்பிடி

"உடைச்சுத் தொலை வெண்டல். இதுல என்ன யோசனை?" வெர்னா சுத்தியலைக் கொண்டுவந்து கணவனிடம் நீட்டினாள்.

டல்சா நகரத் துப்பாக்கிச் சந்தையில் வெண்டல் அன்று வாங்கிய பழைய ரிவால்வர் கைப்பிடிக் கட்டைகள் இரண்டும் மேசையில் கிடந்தன. மாமனார் விட்டுப்போன ரிவால்வருக்கு ரப்பர் பிடிதான் இருந்தது. இவற்றை உடைத்து, இவற்றில் பதிந்திருக்கும் கம்பெனி முத்திரை வில்லைகளை எடுத்தால், அதற்குப் புதுக் கட்டை செய்து அதில் பதித்துவிடலாம்.

"மனசு வரலையே! இந்த விரிசலைப் பாரு. ஏதோ பெரிய சண்டையில பட்டிருக்கும்."

"ஆமா, பெரிய சண்டை! யாராவது பெக்கான் கொட்டை உடைச்சிருப்பாங்க. சீக்கிரம் முடி, நான் மேசையைத் துடைக்கணும்."

வெண்டல் சுத்தியலை ஓங்கினான். எதற்கும் இருக்கட்டும் என்று கட்டையைத் திருப்பிப் பார்த்தான். அந்தக் காலத் தொழிற்சாலையில் துப்பாக்கியின் எண்ணைக் கட்டையின் உட்புறம் பென்சிலால் எழுதிவைப்பார்கள். மங்கலாக ஐந்து இலக்கங்கள் தெரிந்தன.

அவற்றைப் படித்ததும் துப்பாக்கிப் பெட்டகத்துக்கு ஓடினான். மாமனாரின் ரிவால்வரோடு திரும்பி வந்து, மேசையைச் சுற்றி ஒரு குத்தாட்டம் போட்டான்.

"அதே நம்பர் வெர்னா! இதோட சொந்தக் கட்டை! இதை வித்த முட்டாள் இல்லேன்னா எனக்கு இந்தச் சந்தோஷம் ஏது? அவன் மட்டும் கையில கிடைச்சா முத்தமே கொடுப்பேன்!"

வெர்னா கன்னத்தை நீட்டினாள்.

"கொடு. அப்பா கொட்டை உடைக்கிற கட்டைதானேன்னு போன வருஷம் சர்ச் சந்தையில தள்ளிவிட்டது நான்தான்."