ஏற்க மறுக்கப்பட்டது

"ண்ணா, இத்த நீதான் பண்ணியாமே?"

டீ கிளாஸை வாயில் வைக்கப்போன மனோகரனின் மூக்குக்கு நேராகப் போனை நீட்டினாள் செங்கொடி.

மனோகரன் நிலக்கரிக் கிடங்கில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். அங்கிருந்து பறக்கிற கரித்தூள்தான் நெட்டுக்குப்பம் பூராவும் படிகிறது. குப்பத்தில் அந்தக் கம்பெனிச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் என்பதால், அவன் வந்து உட்கார்ந்தால் பெஞ்சு தானாகக் காலியாகிவிடும்.

"எம் பொண்ணுக்கு மூச்சு இழுக்குது, கரிய மூடிப் போடுங்கன்னு மூணு மாசமா மெயில் போட்டுகினு கீறேன். பதில் வரலன்னாலும் யாரோ படிக்கிறாங்கன்னு நெனச்சேன். இப்ப ஒரு வாரமா, போட்ட அடுத்த நிமிசமே மூஞ்சில அடிச்சா மாதிரி திரும்பி வருது. 'ஏற்க மறுக்கப்பட்டது'ன்னு. அந்த மிசினு உன் கைலதான கீது?"

"ஆமா."

"நீ வெச்சதா?"

"நான்தான் வெச்சேன்."

டீக்கடை மண்ணாங்கட்டி பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "தோஸ்து, நாளைலேர்ந்து டீய உன் கம்பெனி கேன்டீன்லயே குடிச்சிக்க."

நாலு பேர் சிரித்தார்கள். செங்கொடி சிரிக்கவில்லை.

"பொழங்கறது இங்க, வால் ஆட்றது அங்க. இத்த அப்டியே வக்கீலாண்ட காட்றேன் பாரு."

"காட்டு" என்றான் மனோகரன்.

"திமிரப் பாத்தியா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவன் பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டு நடந்தான். கூப்பிட ஆளில்லை.

இரண்டு வாரம் கழித்து மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"அந்தப் பொம்பளை மெயில் வந்தா சத்தமில்லாம குப்பையில தள்ளுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க, சார்."

"போய்ச் சேர்ந்துடுச்சுன்னு அவ நினைச்சுக்கணும். நம்மகிட்ட வந்ததுக்கு அடையாளமே இருக்கக்கூடாது. மூணு மாசம் ஒழுங்காத்தானே தள்ளின?"

மனோகரன் தலையாட்டினான். தள்ளுமுன் அவள் எழுதிய ஒவ்வொன்றையும் படித்தது அவன் ஒருவன்தான்.

"புகாரே வரலைன்னு கோர்ட்ல சொன்னோம். அவ வக்கீல் பதினோரு காகிதத்தை எடுத்து நீட்டுறார். எல்லாத்துலயும் தேதி, நேரம், நம்ம கம்பெனி பேரு, 'மறுக்கப்பட்டது'ன்னு நம்ம மெஷினே எழுதிக் கொடுத்த சாட்சி. மேல கூரை போட்டு முடிக்கிற வரைக்கும் ஒரு லோடு இறக்கக்கூடாதுன்னு உத்தரவு."

மேனேஜர் வேலைநீக்கக் கடிதத்தை அவன் பக்கம் தள்ளினார்.

"தினம் குப்பைக்குப் போனது எப்படிய்யா அவளுக்கே திரும்பிப் போச்சு?"

மனோகரன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினான்.

"கை தவறிடுச்சு, சார்."