தடுமாறினால் வரும் குரல்

"புளுகுணி! நேத்து மொட்டைமாடியில முழுக் கதையும் கடகடன்னு படிச்ச. உங்கம்மா முன்னாடி மட்டும் ஏன்டி திக்குற?" பக்கத்து வீட்டு ரெஜினா கத்தினாள்.

"மெதுவா பேசுடி, அம்மாவுக்குக் கேட்கும்!" என்றாள் யாழ்மதி.

சமையலறையில் இருந்த அம்மா சுகந்திக்குக் கேட்டே விட்டது.

மகள் யாழ்மதிக்கு டிஸ்லெக்சியா. எழுத்துகள் அவள் கண்ணுக்கு இடம் மாறி நிற்கும். பள்ளியில் கொடுத்த காதுக்கருவி, அவள் தடுமாறினால் மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லித்தந்து தட்டிக்கொடுக்கும். யார் குரல் வேண்டும் என்று கேட்டபோது, போன வருஷம் இறந்துபோன அப்பாவின் குரல்தான் வேண்டும் என்றாள்; பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து அதைச் செய்துகொடுத்தார்கள். சரளமாகப் படிக்க வந்துவிட்டால் கருவியைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். நாளைக்கு வாசிப்புத் தேர்வு.

திட்டத்தான் போய் உட்கார்ந்தாள் சுகந்தி. யாழ்மதி புத்தகத்தை எடுத்து, "மழை... மழை பெ..." என்று இழுத்து நிறுத்தினாள்.

"பெய்தது. அவசரமே இல்லடா தங்கம், மெதுவாப் படி" என்றது கருவி, வெளியேயும் மெல்லக் கேட்கும்படி.

கணவனின் குரலேதான். சுகந்தி தன் காதை மகளின் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

"அடுத்த வார்த்தையும் கஷ்டமா இருக்கும்ல?" என்றாள்.

யாழ்மதி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். "ஆமாம்மா. ரொம்பக் கஷ்டம்."

நாளைக்கு அந்தப் பிள்ளை தேற வேண்டுமா, தோற்க வேண்டுமா? எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சுகந்தியாக இருந்தால் மகளிடம் என்ன சொல்லி அனுப்புவீர்கள்? தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள்.