பொரி பார்ட்டி

“கேக் கூட வெட்டலியே! பெத்த பொண்ணுக்குப் பிறந்தநாள், அதுக்கும் பொரிதானா?”

படி இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள் ஷியாமளா.

“மெதுவா பேசு. மேலே கேக்கப் போகுது” என்றான் ஹரிஷங்கர்.

“கேக்கட்டுமே! ஜெயப்ரியாவோட வீட்டுக்காரர் துறைமுகத்துல ஆபீசர். அவங்களுக்கா பஞ்சம்? இப்படியும் ஒரு கஞ்சத்தனமா!”

கொல்கத்தாவில், பெஹாலாவின் அந்தப் பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். மாதம் ஒரு வீட்டில் கூடுவது அவர்கள் வழக்கம். பிறந்தநாள், கல்யாணநாள் என்று ஏதோ ஒரு சாக்கு. முதலில் காபியும் பஜ்ஜியுமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் ஏற்றிக்கொண்டே போனார்கள். போன மாதம் குருமூர்த்தி வீட்டில் வாசலில் பலூன் வளைவு, கேட்டரிங் ஆட்கள் பரிமாற விருந்து, கிளம்பும்போது ஆளுக்கொரு கிஃப்ட் வேறு.

இந்த மாதம் ஜெயப்ரியா வீடு. அடுத்த மாதம் ஷியாமளா வீடு.

அவ்வளவு செலவுக்கு அவளிடம் பணம் ஏது? ஹரிஷங்கர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். வெளியே யாருக்கும் சொல்லவில்லை. தினமும் டிஃபன் டப்பாவோடு கிளம்பிவிடுவான். வேலை தேடி அலைந்தது போக, மிச்சப் பொழுதை டாலிகஞ்ச்சில் எங்காவது உட்கார்ந்து கழிப்பான்.

‘அடுத்த மாசம் ஊருக்குப் போறோம்னு சொல்லிடலாம். அப்புறம் மெல்ல இந்தக் கூட்டத்துலேர்ந்து கழண்டுக்கலாம்.’ இருவரும் அப்படி முடிவு செய்துவிட்டுத்தான், கடைசித் தடவையாக இருக்கட்டும் என்று இன்றைக்கு வந்தார்கள்.

வந்தால், கூடத்தின் நடுவில் அண்டா நிறையப் பொரி! பக்கத்தில் வெங்காயம், பச்சைமிளகாய், வேர்க்கடலை, கடுகெண்ணெய்.

“அவங்கவங்க ஜால்முரியை அவங்கவங்களே கலந்துக்கணும். யாரோடது ஜோர்னு ஓட்டுப் போடுவோம்” என்று அறிவித்தாள் ஜெயப்ரியா.

எல்லாரும் அந்தக் காரப்பொரியைக் கலந்து, பேப்பர் பொட்டலத்தில் போட்டுத் தின்றார்கள். அடுத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு சமையல் சாமான்களை மோந்து பார்த்துப் பெயர் சொல்லும் போட்டி. பெருங்காயத்தை மோந்துவிட்டு, “யாரோட சாக்ஸ் இது?” என்று அலறினார் குருமூர்த்தி. ஜெயித்தது ஹரிஷங்கர். பரிசு, பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு முழுத் தேங்காய்.

“ஆனா நல்லா சிரிச்சோம் இல்ல?” என்றான் ஹரிஷங்கர் இப்போது.

ஷியாமளாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “நீங்க இப்படிச் சிரிச்சு எத்தனை நாளாச்சு!”

கேட்டை நெருங்கும்போது அவள் நின்றாள்.

“ஏங்க, இவ்வளவுதான் பார்ட்டின்னா நாமளே வைக்கலாமே! தோசை மாவு அரைச்சு வெச்சிடறேன். வர்றவங்க ஆளுக்கொரு தோசை சுடட்டும். யாரோடது வட்டமா வருதுன்னு போட்டி. ஊருக்கும் போக வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

“வைக்கலாமே” என்றான் ஹரிஷங்கர்.

“ஐயோ!” என்று அவள் காலைப் பார்த்தாள். “இது என் செருப்பே இல்ல. கூட்டத்துல மாத்திப் போட்டுக்கிட்டு வந்துட்டேன்.”

அந்தச் செருப்பைக் கையில் வாங்கிக்கொண்டு ஹரிஷங்கர் மறுபடி மாடி ஏறினான்.

ஜெயப்ரியா வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. அவன் கடைசித் திருப்பத்தில் வரும்போது எதிர் வீடு திறந்தது. எல்லாரும் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் அந்த வீட்டு பெங்காலிப் பெண் பெரிய கேக் ஒன்றை ஏந்திக்கொண்டு வந்தாள்.

“ஜெயா, நாவோ, தோமார் கேக்!”

‘இந்தா, உன் கேக்’ என்று அவள் நீட்டியதை ஜெயப்ரியா வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பௌதியும் தன் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஹரிஷங்கருக்குச் சுருக்கென்றது. வந்தவர்களுக்குப் பொரியைக் கொடுத்துவிட்டு, கேக்கை எதிர் வீட்டு ஃப்ரிஜ்ஜில் ஒளித்து வைத்தார்களா? ஷியாமளா திட்டியது போதவே போதாது.

உள்ளேயிருந்து பிறந்தநாள் பெண் மஹிமாவின் அழுகைக் குரல் கேட்டது.

“எல்லாரும் போனப்புறம் வெட்டினா அது என்னம்மா பர்த்டே?”

“தெரியும்டி கண்ணு. கேக்குக்கு ஆர்டர் கொடுத்தப்புறம்தான் அப்பா சொன்னார். ஹரி அங்கிளுக்கு வேலை போயிடுச்சு போலிருக்கு. டிஃபன் டப்பாவை மடியில வெச்சுக்கிட்டு டாலிகஞ்ச்ல உக்காந்திருந்தாராம், பாவம். அடுத்த மாசம் அவங்க முறை. இன்னிக்கு நாமளும் தடபுடல் பண்ணியிருந்தா, ஷியாமளா ஆன்ட்டி அதோட நம்மளை விட்டே ஒதுங்கிடுவாங்க. இப்போ பயப்படாம கூப்பிடுவாங்க இல்ல?”

அழுகை நின்றது.

“யார்கிட்டயும் சொல்லக் கூடாது, சரியா?”

“ம்... சொல்ல மாட்டேன். இப்ப வெட்டலாமா?”

கதவு சாத்தப்பட்டது. ஹரிஷங்கர் சத்தம் போடாமல் செருப்பை மாற்றி எடுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்துவிட்டுத்தான் இறங்கினான்.

கீழே ஷியாமளா வெறுங்காலோடு நின்று, யார் யாரைக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன இவ்வளவு நேரம்? என்ன பண்றா அந்த மகாராணி?”

“கதவு சாத்தியிருந்தது.”

“இருக்கட்டும், அடுத்த மாசம் வரட்டும். வீட்டுக்கு வந்தவங்களை எப்படிக் கவனிக்கணும்னு நம்ம வீட்டுல பாத்துக் கத்துக்கட்டும்!”

சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். கம்பெனியை மூடிய நாளிலிருந்து அவள் இப்படி நிமிர்ந்து நடந்து அவன் பார்க்கவில்லை.

“கண்டிப்பா, ஷியாமளா” என்றான் ஹரிஷங்கர். “முதல்ல அவங்களைத்தான் கூப்பிடணும்.”