வில்லையைக் கழற்றிய பிறகு

ஊட்டச்சத்துப் பயிற்சி முடிந்ததும், மரகதவல்லியின் காதோரம் ஒட்டியிருந்த சின்ன மின்வில்லையைப் பயிற்சிக்காரர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எப்போது சாப்பிடுவது, எங்கே நிறுத்துவது என்று அதுதான் மாதக்கணக்காக அவளுக்குச் சொல்லிவந்தது. இப்போது வயிறு எதுவும் சொல்லவில்லை. சமைத்த கீரை அப்படியே ஆறிக் கிடந்தது.

லிஃப்டில் எதிர்வீட்டு ஜெயசீலி வழக்கம்போல், "சாப்டாச்சாக்கா?" என்றாள். எல்லாரும் "ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் போகிற கேள்விதான்.

"நேத்துலேர்ந்து இல்ல. பசிக்குதான்னே தெரியல, ஜெயசீலி."

"அடக் கடவுளே! வில்லையோட வயித்தையும் கழட்டிட்டாங்களா?" என்று கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்துப்போனாள். கண்மூடி ஜெபித்துவிட்டு, தன் கேழ்வரகுக் களியில் பாதியை வைத்தாள்.

மரகதவல்லிக்கு ருசி தெரியவில்லை. ஜெயசீலி ஒரு வாய் உருட்டினால் அவளும் உருட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டாக்கா?"

"போதும்மா, வயிறு ரொம்பிருச்சு."

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது.